புது லெப்டொப்பில் பழைய விண்டோஸ் ஏன் ஏறுவதில்லை? – ஒரு சின்ன வரலாறு



"சேர், புது லெப்டொப் ஒன்று எடுத்தேன். பழைய எக்ஸ்பியைப் போட்டுத் தர ஏலுமா?"

இந்தக் கேள்வி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எக்ஸ்பி இல்லையென்றால் விண்டோஸ் 7. கேட்பவர்கள் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. ஒருவரிடம் பேஜ்மேக்கரில் செய்த பழைய மலர்கள் இருக்கின்றன. இன்னொருவரின் கடைக் கணக்கு முழுவதும் ஒரு பழைய டொஸ் புரோகிராமுக்குள் கிடக்கிறது. வேறொருவரின் பிரின்டருக்கு விண்டோஸ் 7க்குப் பிறகு டிரைவர் வரவே இல்லை. "ஏலாது" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடலாம். ஆனால் அந்த "ஏலாது"க்குப் பின்னால் அறுபது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால், முடியாத இடத்தில் நாட்கணக்கில் மினக்கெடாமல், முடிந்த வழியைப் பிடித்துக்கொள்ளலாம். பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

🔹 முதலில் ஓர் அடிப்படை

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பாவிக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது என்று தரம் பத்துப் பிள்ளைகள் எழுதுவார்கள். சரியான விடை. ஆனால் அந்த நடுவர் எல்லா வன்பொருளையும் பிறவியிலேயே அறிந்தவர் இல்லை. திரை, வன்தட்டு, வைஃபை, ஒலி என்று ஒவ்வொன்றோடும் பேச ஒவ்வொரு டிரைவர் வேண்டும். சீடியில் அடைத்து வெளியிட்ட நாள்வரை இருந்த சாதனங்களுக்கான டிரைவர்கள்தான் அதற்குள் இருக்கும். அதன் பிறகு பிறந்த சாதனத்தை, யாராவது டிரைவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய, அதற்குத் தெரியாது.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். "பழையது புதியதில் ஓட வேண்டும்" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்புகிறோம். பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடுவது ஒன்று. பழைய விண்டோஸே புதிய இயந்திரத்தில் ஏறுவது இன்னொன்று. முதலாவதற்காகக் கணினி உலகம் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கிறது. இரண்டாவதற்கு யாரும் உத்தரவாதம் தந்ததே இல்லை.

🔹 1964: இந்தத் தலைவலி அப்போதே இருந்தது

ஐபிஎம் நிறுவனம் 1959இல் 1401 என்ற கணினியை அறிவித்தது. வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், தொழிற்சாலைகள் என்று ஆயிரக்கணக்கான இடங்களில் அது வேலை செய்தது. சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் கணக்கும் அதற்கென்றே எழுதிய நிரல்களில் இருந்தன. 1964 ஏப்ரல் 7இல் ஐபிஎம் முற்றிலும் புதிய சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதன் உள்ளமைப்பு வேறு. 1401இன் நிரல் அதில் நேரடியாக ஓடாது.

போட்டி நிறுவனமான ஹனிவெல் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1401 நிரல்களைத் தன் கணினிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்கு "விடுதலையாளன்" என்று பொருள்படும் பெயரையே வைத்து விற்றது. ஐபிஎம்முக்கு விளங்கிவிட்டது: வாடிக்கையாளன் இயந்திரத்தோடு கட்டுண்டிருக்கவில்லை, பல வருடமாக எழுதிச் சேர்த்த நிரலோடும் தரவோடும்தான் கட்டுண்டிருக்கிறான். ஆகவே 360 வரிசையின் சில மாதிரிகளுக்குள்ளேயே 1401 போல நடிக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. "எமுலேட்டர்" என்ற சொல் கணினித் துறைக்கு வந்தது அந்த நாட்களில்தான். பல நிறுவனங்கள் புதிய 360ஐ வாங்கி, வருடக்கணக்கில் அதைப் பழைய 1401 ஆகவே பாவித்தன.

1972இல் ஐபிஎம் இன்னொரு படி போனது. விஎம்/370 என்ற முறைமை, ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போன்ற தோற்றத்தைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பணிசெயல் முறைமையை ஓட விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து.

🔹 எங்களைப் பழக்கிவிட்டவர்கள்

எங்கள் வீட்டுக் கணினிகளின் பரம்பரை 1978இல் வந்த இன்டெல் 8086 சில்லிலிருந்து தொடங்குகிறது. அதன் வாரிசுகள் எல்லாம் மூத்தவரின் பாஷையை மறக்கக் கூடாது என்பது இன்டெல்லின் கொள்கை. எவ்வளவு தூரம் என்றால், 8086ஆல் ஒரு மெகாபைட் நினைவகத்தைத்தான் தொட முடியும். அந்த எல்லையைத் தாண்டினால் முகவரி திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அது ஒரு குறைபாடு. ஆனால் சில நிரல்கள் அந்தக் குறைபாட்டையே நம்பி எழுதப்பட்டிருந்தன. 1984இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோது அதில் இருந்த 80286 சில்லுக்கு அந்த எல்லை இல்லை. எனவே பழைய நிரல்கள் பழுதாகாமல் இருக்க, பழைய குறைபாட்டை வேண்டுமென்றே திரும்ப உண்டாக்கும் ஒரு சுற்றை ஐபிஎம் சேர்த்தது. அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு விசைப்பலகைக்கான சில்லிடம் போனது, அதில் ஒரு கால் சும்மா கிடந்ததால்!

மைக்ரோசொப்டும் அப்படித்தான். விண்டோஸ் 95 தயாரானபோது சிம்சிட்டி என்ற விளையாட்டு அதில் விழுந்துவிட்டது. குற்றம் விளையாட்டில்தான் இருந்தது: திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை அது மறுபடி வாசித்தது. ஆனாலும் மைக்ரோசொப்ட் விண்டோஸைத்தான் திருத்தியது. சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அதற்கு மட்டும் விட்டுக்கொடுக்கும் ஒரு விசேட ஏற்பாட்டை உள்ளே வைத்தது.

இந்தத் தாராளத்தால்தான் "கணினி என்றால் பழையது எல்லாம் ஓட வேண்டும்" என்ற எண்ணம் நமக்குள் ஊறியது. ஆனால் கவனியுங்கள், மேலே சொன்ன எல்லாக் கதையிலும் புதியவர்தான் பழையவருக்கு இடம் கொடுத்திருக்கிறார். பழைய விண்டோஸ் எதிர்கால இயந்திரத்துக்கு எப்படி இடம் கொடுக்கும்? அது வெளிவந்தபோது அந்த இயந்திரமே பிறந்திருக்கவில்லையே.

🔹 எக்ஸ்பி என்ற நீண்ட ஆயுள்காரன்

விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25இல் விற்பனைக்கு வந்தது. வீட்டுப் பாவனைக்கான 95, 98 வரிசையையும் அலுவலகத்துக்கான என்டி வரிசையையும் அது ஒன்றாக்கியது. 233 மெகாஹேர்ட்ஸ் சில்லும் 64 மெகாபைட் நினைவகமும் இருந்தால் ஒருவாறு ஓடிவிடும். அந்தப் பச்சைப் புல்மேட்டையும் நீல வானத்தையும் மறந்தவர் உண்டா? அது வரைந்த படம் என்றுதான் பலர் நினைத்திருந்தோம். சார்ள்ஸ் ஓ'ரியர் என்பவர் 1996இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்த உண்மையான புகைப்படம் அது.

அடுத்த விண்டோஸ் வர ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. இந்த இடைவெளிதான் எக்ஸ்பியை ஒரு பழக்கமாக மாற்றியது. கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்திலும் கணினி அறையில் இருந்தது எக்ஸ்பிதான். ஒரு தலைமுறை ஆசிரியர்களின் கையும் கண்ணும் அதில்தான் பழகின.

2007 ஜனவரி 30இல் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தது. அழகாக இருந்தது, ஆனால் பாரமாக இருந்தது. மலிவான லெப்டொப்களில் திணறியது. வாங்கியவர்கள் எக்ஸ்பிக்குத் திரும்பப் பார்த்தார்கள். விஸ்டா பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளை வாங்கியவர்கள் எக்ஸ்பி புரொபெஷனலுக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று உரிம ஒப்பந்தத்திலேயே இருந்தது. பல கம்பனிகள் விஸ்டா லெப்டொப்புடன் எக்ஸ்பி சீடியையும் கொடுத்தன. 2008 ஜூன் 30உடன் எக்ஸ்பியின் வழமையான விற்பனையை நிறுத்திய மைக்ரோசொப்ட், நெட்புக் என்ற சின்ன லெப்டொப்களுக்கு மட்டும் தொடர்ந்து கொடுத்தது. அவற்றில் விஸ்டா ஓடாது. கொடுக்காவிட்டால் அந்த இடம் லினக்ஸுக்குப் போயிருக்கும்.

🔹 எஃப்6 விசையும் இல்லாத பிளொப்பியும்

புது லெப்டொப், பழைய விண்டோஸ் என்ற சண்டை உண்மையில் சூடுபிடித்தது இந்தக் காலத்தில்தான்.

எக்ஸ்பி பிறந்தபோது வன்தட்டுகள் அகலமான நாடா போன்ற வயரில் இணைக்கப்பட்டவை. பிறகு மெல்லிய வயர் கொண்ட சாட்டா வந்தது. அதோடு பேசுவதற்கு ஏஎச்சிஐ என்ற புதிய முறையை இன்டெல் 2004இல் வெளியிட்டது. எக்ஸ்பி சீடிக்குள் அதற்கான டிரைவர் இல்லை. விளைவு, சீடி நன்றாக ஓடும், கோப்புகள் ஏறும், பிறகு "வன்தட்டே இல்லை" என்று சொல்லும். அல்லது நீலத்திரை வந்து 7பி என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டும். பார்க்கிறவர் வன்தட்டு பழுது என்றுதான் நினைப்பார். வன்தட்டில் எந்தக் குறையும் இல்லை. எக்ஸ்பிக்கு அதன் பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான்.

வழி இருந்தது. நிறுவல் தொடங்கும்போது திரையின் அடியில் சில நொடிகள் ஓர் அறிவித்தல் வரும்: வேறு டிரைவர் தர வேண்டுமென்றால் எஃப்6ஐ அழுத்துங்கள். அழுத்தினால் எக்ஸ்பி டிரைவரைக் கேட்கும். எங்கிருந்து? பிளொப்பி டிஸ்கிலிருந்து மட்டும். சீடியும் பென் டிரைவும் அதற்குச் சரிவராது. லெப்டொப்களிலோ பிளொப்பிக்கான வாயையே அடைத்துவிட்டிருந்தார்கள். வெளியில் பூட்டும் யூ.எஸ்.பி பிளொப்பி வாங்கினாலும் எல்லா வகையையும் எக்ஸ்பி ஏற்காது.

ஆகவே ஆட்கள் மூன்று குறுக்கு வழிகளைக் கண்டார்கள். பயோஸுக்குள் போய் வன்தட்டை ஏஎச்சிஐ முறையிலிருந்து பழைய ஐடிஈ முறைக்கு மாற்றுவது ஒன்று. என்லைட் போன்ற மென்பொருளால் டிரைவரை எக்ஸ்பிக்குள்ளேயே சேர்த்து, புதிதாக ஒரு சீடி எழுதுவது இரண்டாவது. யாரோ செய்து வைத்த, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சீடியை வாங்கிப் போடுவது மூன்றாவது. நம் ஊர்களில் அதிகம் நடந்தது மூன்றாவதுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏறிவிட்டால் மட்டும் போதுமா? எழுத்துக்கள் பெரிது பெரிதாகத் தெரியும், சத்தம் வராது, வைஃபை இருக்காது. டிவைஸ் மெனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் அடையாளங்கள். வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்!

🔹 விண்டோஸ் 7க்கும் அதே கதை

2009 ஒக்டோபர் 22இல் வந்த விண்டோஸ் 7 ஏஎச்சிஐயை அறிந்திருந்தது. ஆனால் யூ.எஸ்.பி 3.0ஐ அறிந்திருக்கவில்லை. சில வருடங்கள் பிரச்சினை தெரியவில்லை, ஏனென்றால் தாய்ப்பலகைகளில் பழைய யூ.எஸ்.பி கட்டுப்படுத்தியும் சேர்ந்தே இருந்தது. 2015இல் இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையோடு அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு விண்டோஸ் 7ஐப் பென் டிரைவிலிருந்து தொடங்கினால் முதல் திரை வரும், ஆனால் மவுஸ் அசையாது, விசைப்பலகை வேலை செய்யாது. சீடி டிரைவுக்கான டிரைவர் காணவில்லை என்று ஒரு செய்தி வரும். லெப்டொப்பில் சீடி டிரைவே இருக்காது! உண்மையில் அது தேடுவது, தான் வந்த பென் டிரைவையேதான். என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி வந்தபோது அதற்கும் தனியாக ஒரு திருத்தத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது.

2016 ஜனவரியில் மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே அறிவித்தது: இனி வரும் புதிய சில்லுகளுக்கு அந்த நேரத்தின் புதிய விண்டோஸ்தான். இன்டெல்லின் ஏழாம் தலைமுறைக்கு விண்டோஸ் 10 மட்டும். 2017இல் அப்படியான இயந்திரத்தில் விண்டோஸ் 7ஐ எப்படியோ ஏற்றியவர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது தடுக்கப்பட்டது.

இன்னொரு கதவும் மூடியது. கணினி கண் விழிக்கும் முறையே பயோஸிலிருந்து யூஈஎஃப்ஐக்கு மாறியது. எக்ஸ்பிக்கு யூஈஎஃப்ஐ தெரியாது. 32 பிட் எக்ஸ்பியால் ஜிபிடி முறையில் பிரித்த வன்தட்டை வாசிக்கவும் முடியாது. சில காலம் பழைய பயோஸ் போல நடிக்கும் வசதி உள்ளே இருந்தது. 2020க்குள் அதை விலக்கப்போவதாக இன்டெல் 2017இல் சொன்னது. இன்று நீங்கள் வாங்கும் பெரும்பாலான லெப்டொப்களில் அது இல்லை. எனவே எக்ஸ்பியை நேரடியாக ஏற்ற நினைப்பவர் கதவில்லாத சுவரைத்தான் தட்டுகிறார்.

🔹 ஏறினாலும் ஆபத்து

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இலும் விண்டோஸ் 7க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14இலும் முடிந்தது. ஆதரவு முடிவது என்றால் என்ன? புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை என்பது.

2017 மே 12இல் வனாக்ரை என்ற கப்பம் கேட்கும் புழு பரவியது. சுமார் 150 நாடுகளில் கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் 236 தேசிய சுகாதார சேவை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன, நோயாளிகளைத் திருப்பி அனுப்பவும் நேர்ந்தது. நிலைமையைப் பார்த்து, மூன்று வருடங்களுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அதிகம் அடிபட்டவை எக்ஸ்பி கணினிகள் இல்லை, திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. ஆகவே பழையது என்பதை விடக் கவனிக்காமல் விட்டது என்பதுதான் பெரிய ஆபத்து.

இதோடு, பழைய விண்டோஸில் இணையமும் மெதுவாக மூடிக்கொண்டு வருகிறது. எக்ஸ்பிக்கு வந்த கடைசி குரோம் 49ஆம் பதிப்பு. விண்டோஸ் 7க்கு 109. இன்றைய வங்கித் தளமோ அரச தளமோ எக்ஸ்பியின் பழைய உலாவியில் திறக்கவே மறுக்கும்.

🔹 அப்படியானால் எங்கள் பழைய கோப்புகள்?

இதுதான் என்னை இதை எழுத வைத்தது. கொமியுனிகேஷன் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் எக்ஸ்பி கேட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "சேர், ஊர்ப் பள்ளிக்கூட மலர், கல்யாணக் காட்டுகள், மையத்து அறிவித்தல்கள், எல்லாம் பேஜ்மேக்கர்ல இருக்கு. புதுசுல தொறக்குது இல்ல."

பேஜ்மேக்கர் 1985இல் வந்தது. அதன் கடைசிப் பதிப்பு 7.0, வருடம் 2001. 2004இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. அதற்கடுத்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை.

அதற்குள் இருக்கும் தமிழோ பாமினியில் இருக்கிறது. பாமினி யுனிகோட் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த எழுத்துரு. "தமிழ்" என்ற சொல்லைக் கணினி ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமித்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். 1991இலேயே யுனிகோடில் தமிழ் சேர்ந்துவிட்டது, விண்டோஸ் 2000 முதல் தமிழ் யுனிகோட் ஆதரவும் இருந்தது. ஆனால் எக்ஸ்பியில் அது தானாக இயங்காது. பிராந்திய அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்து மொழிகளுக்கான பெட்டியில் சரி போட்டு, சீடியையும் போட வேண்டும். அதைச் சொல்லித் தர ஆளில்லாத இடங்களில் பாமினியே நிலைத்தது.

ஆகவே அந்தச் சகோதரருக்கு வேண்டியது எக்ஸ்பி இல்லை. எக்ஸ்பிக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஊரின் இருபது வருடப் பதிவு. யார் எப்போது மௌத்தானார், எந்த வருடம் எந்தக் கட்டிடம் திறந்தது, அந்த வருட அதிபர் என்ன எழுதினார் என்பதெல்லாம் வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

🔹 செய்யக்கூடியவை

1. எக்ஸ்பியைப் புது லெப்டொப்பின் மேல் ஏற்றாதீர்கள், உள்ளே வையுங்கள். விர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள் உங்கள் விண்டோஸுக்குள் ஒரு போலிக் கணினியை உண்டாக்கும். அது காட்டும் வன்தட்டும் திரையும் எக்ஸ்பி அறிந்த பழைய வகை. ஆகவே எஃப்6 தொல்லை இல்லை. 1972இல் ஐபிஎம் பிடித்த அதே வழி இது. மைக்ரோசொப்ட் தானே விண்டோஸ் 7 புரொபெஷனலுக்கு "எக்ஸ்பி மோட்" என்று கொடுத்ததும் இதுதான். உங்களிடம் உரிமத்தோடு இருக்கும் எக்ஸ்பியைப் பாவியுங்கள்.

2. அந்தப் போலிக் கணினிக்கு இணையத்தைக் கொடுக்காதீர்கள். கோப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டும் பாவியுங்கள்.

3. பழைய டொஸ் கணக்கு நிரல் என்றால் எக்ஸ்பியே தேவையில்லை. 64 பிட் விண்டோஸ் அதை நேரடியாக ஓட விடாது, ஆனால் டொஸ்பொக்ஸ் பெரும்பாலும் ஓட்டும்.

4. திறந்ததும் முதல் வேலை, பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கி வைப்பது. இரண்டாவது வேலை, பாமினி எழுத்தை மாற்றியின் மூலம் யுனிகோடுக்குக் கொண்டு வருவது. மாற்றியபின் ஒருவர் இருந்து வாசித்துத் திருத்த வேண்டும்.

5. வீட்டு மூலையில் எக்ஸ்பியுடன் பழைய கணினி இன்னும் எழும்புகிறதா? அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்கும் முன் வன்தட்டைப் பிரதி எடுங்கள். எழுதிய சீடிகளும் காலத்தோடு பழுதாகும்.

கடைசியாக ஒன்று. இப்போது கதை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் கேட்கிறது. அன்று பழைய விண்டோஸ் புது லெப்டொப்பில் ஏறவில்லை. இன்று புது விண்டோஸ் எங்கள் லெப்டொப்பில் ஏறவில்லை. இதுவும் மாறும், அதற்கடுத்ததும் மாறும். எந்த விண்டோஸ் வந்தாலும் திறக்கக்கூடிய வடிவில் எழுத்து இருந்தால் போதும்.

ஊர் மலர்கள், பாடசாலை விழா மலர்கள், சங்கப் பதிவுகள் பேஜ்மேக்கரிலோ பாமினியிலோ வைத்திருப்பவர்கள் கருத்தில் எழுதுங்கள். விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், இன்ஷா அல்லாஹ், ஒரு பெட்டிச் சீடியையாவது காப்பாற்றிவிடலாம்.